ரூபாவின் கைராசி

ஓசூர் சிப்காட்டில் லாரிகளுக்கு ஸ்பிரிங் செய்யும் கம்பெனி அது. அங்கே சோதனைக்கூடத்தில் காலை ஷிப்ட் ரூபாவுக்கு, மாலை ஷிப்ட் ஹரீஷ்குமாருக்கு. ஸ்பிரிங்கை மாட்டி, கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் கொடுத்தால் மிஷின் அதை மணிக்கணக்காக அமுக்கி அமுக்கிப் பார்க்கும். ஹரீஷ் கொடுத்தால் ஒழுங்காக முடிகிறது. ரூபா கொடுத்தால் பாதியில் கம்ப்யூட்டர் உறைந்து எல்லாம் பாழ். பெங்களூரிலிருந்து சர்வீஸ்காரர் வந்து மவுஸை உருட்டிப் பார்த்தார்; அவர் முன்னால் அந்தச் சனியன் சமர்த்தாக ஓடியது.

"மிஷினு நல்லாத்தான் இருக்குது. உன் கைராசிதான் சரியில்ல கண்ணு" என்றார் மேலாளர் பரமசிவம். விளையாட்டாகத்தான் சொன்னார். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கல்யாணப் பத்திரிகை வைத்த ஒருத்தி எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டு, ரூபாவுக்கு மட்டும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். திங்கள் முதல் ரூபா பேக்கிங்குக்கு என்றும் முடிவாயிற்று. டிப்ளமோ படித்த பெண் அட்டைப்பெட்டி ஒட்டப் போகிறாளே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, பாவம்.

சனிக்கிழமை காலை ரூபா கெஞ்சிக் கூப்பிட்டதால் ஹரீஷ் வந்தான்.

"நீங்களே ஸ்டார்ட் குடுங்கண்ணா. நா தொடவே மாட்டேன்."

கொடுத்தான். இருவரும் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். அரைமணிகூட ஆகவில்லை, உறைந்துவிட்டது.

"ஐயோ தேவ்ரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டான் ஹரீஷ். "நான்தானே குடுத்தேன்? ஸ்டார்ட் குடுத்தப்புறம் தினமும் நீ என்னதான் பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். மவுஸக்கூடத் தொடக் கூடாதுன்னு சாரு சொல்லியிருக்காருல்ல?"

ஹரீஷின் முகம் வெளுத்துவிட்டது. அவன் ஷிப்ட் முழுக்க அந்தக் கம்ப்யூட்டரில் பாட்டு ஓடும். யாரும் தொடாமல் கிடந்தால், கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று கம்ப்யூட்டர் மிஷினோடு பேசுவதை நிறுத்திவிடுகிறது. பாட்டுதான் அதைத் தூங்கவிடாமல் வைத்திருந்திருக்கிறது. சொன்னால் தனக்கு மெமோ, சொல்லாவிட்டால் இவளுக்குப் பேக்கிங். நல்ல பிள்ளை, நேரே பரமசிவத்திடம் போய்ச் சொல்லிவிட்டான்.

கம்ப்யூட்டரில் கரண்டை மிச்சம் பிடிக்கச் சொல்லும் கட்டத்திலிருந்து ஒரே ஒரு டிக்கை எடுத்தார்கள். ரூபா ஸ்டார்ட் கொடுத்தாள். கடைசிவரை ஓடியது.

"அட கெரகமே, இத்துனூண்டு விசயமா!" பரமசிவம் சிரித்தார். "நீ எங்கயும் போக வேணாம் கண்ணு."

ரூபாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கம்ப்யூட்டரச் சரி பண்ணிட்டீங்க சார். என் கைய யாரு சார் சரி பண்ணுவாங்க?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

திங்கள் மத்தியானம் கேன்டீனில் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது பரமசிவம் எழுந்து நின்றார்.

"பழுது கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. இந்தப் பொண்ணு கையில ஒரு குத்தமுமில்ல. நாந்தான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். மன்னிச்சுக்கம்மா."

ரூபா தலையைத் தூக்கி எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகுதான் சோற்றில் கை வைத்தாள்.