டிசம்பர் முப்பத்திரண்டு

“உங்கப்பா இன்னும் பிறக்கவே இல்லைனு வருதுங்க,” என்றாள் கவுன்டர் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெய்ஷான் அப்பாவின் அடையாள அட்டையை மறுபடி நீட்டினாள். கை தானாக நீண்டது. நாலு நாளாக அவள் கையும் காலும் வாயும் யாரோ ஏவிவிட்ட மாதிரிதான் வேலை செய்துகொண்டிருந்தன. புத்தாண்டு அன்று காலை பல் துலக்கப் போன மனிதர் குளியலறையிலேயே விழுந்துவிட்டார். முந்தின இரவுதான் டிவியில் தைபேய் வாணவேடிக்கையைப் பார்த்துவிட்டு, “குடியரசுக்கு நூறு வயசு, எனக்கு எழுபத்துமூணு. ரெண்டு பேருமே பரவாயில்லை,” என்று சொல்லிவிட்டுப் படுத்தார். குடியரசு பிறந்ததிலிருந்துதான் இங்கே வருஷத்தை எண்ணுவார்கள்; தொண்ணூற்றொன்பது முடிந்து நூறாம் வருஷம் பிறந்திருந்தது. விழுந்தபோது குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியது தானா அம்மாவா என்று பெய்ஷானுக்கு ஞாபகமே வரவில்லை. அப்பா செத்ததை விட்டுவிட்டு மனசு அந்தக் குழாயையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

தகனசாலைக்கு வெளியே சவ வண்டியில் பெட்டி காத்துக் கிடந்தது. உலைச் சீட்டு இல்லாமல் உள்ளே எடுக்க மாட்டார்கள். பகல் ஒரு மணியோடு குதிரை வேளை என்கிற நல்ல நேரம் முடிகிறது. அதற்குள் தகனம் ஆகாவிட்டால் நாள் பார்த்தவர் சொன்ன அடுத்த நல்ல நாள் அடுத்த வாரம்தான். அதுவரைக்கும் அப்பா மறுபடி ஐஸ் பெட்டிக்குள் போக வேண்டும்.

கவுன்டர் பெண் கம்ப்யூட்டர் தலையில் வைத்திருந்த தேங்காய்ப் பொரிப் பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மிஷின் அடம்பிடிக்காமல் இருக்க எந்த ஆபீஸிலும் வைப்பதுதான். பச்சைப் பொட்டலமாக இருக்க வேண்டும், யாரும் தின்னக் கூடாது, தேதி தாண்டவும் கூடாது.

“இதுவும் காலாவதி ஆகலையே,” என்று பொட்டலத்தைப் பழைய இடத்திலேயே வைத்தாள். “நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு. ஆனா நேத்து வரைக்கும் வந்தவங்க எல்லாம் போன வருஷம் செத்தவங்க. இந்த வருஷத்துல உங்கப்பாதான் முதல் ஆள்.”

“ஆபீஸ்ல கேளுங்களேன்.”

“கேட்டேங்க. பார்க்கிறோம்னாங்க. அவங்க பார்த்து முடிக்கிறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “தொண்ணூத்தொன்பது, டிசம்பர் முப்பத்தொண்ணுனு போட்டுடட்டுமா? ஒரே ஒரு நாள்தானே. உடனே வாங்கிக்கும்.”

“போடக் கூடாது.”

பெஞ்சில் இருந்த அம்மா சொன்னாள். நாலு நாளில் அவள் வாயிலிருந்து உருப்படியாக வந்த முதல் வாக்கியம். பெய்ஷான் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“முப்பத்தொண்ணாம் தேதி அவர் இருந்தார். எனக்கு ஆரஞ்சு உரிச்சுக் கொடுத்தார். பழம் புளிப்புனு நான் சண்டை போட்டேன். உக்காந்து பழம் உரிச்ச மனுஷனை அன்னிக்கே செத்துட்டார்னு எழுதுவியா நீ?”

“அம்மா, நேரம் ஆகுது…”

“அந்த ஐஸ் பெட்டிக்கும் திருப்பி அனுப்ப விட மாட்டேன்டி. முப்பது வருஷம் அந்தக் கம்ப்யூட்டர் ரூம் குளிர்ல கிடந்தவர். நடு வெயில்லயும் கம்பளிச் சட்டையோட வேலைக்குப் போவார். ரிடையர் ஆனப்புறம் வீட்டுல ஏசி போட விட்டாரா? போதும் அவர் பட்ட குளிர்.”

இரண்டும் வேண்டுமென்றால் எப்படி? பெய்ஷான் கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த லியாவ் மாமா, ஏன் இவ்வளவு நேரம் என்று பார்க்க உள்ளே வந்தார். மாவட்ட அலுவலகக் கம்ப்யூட்டர் அறையில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். தலை முழுக்க வழுக்கை. கவுன்டருக்கு மேல் எம்பித் திரையைப் பார்த்தார். வயது என்ற இடத்தில் கழித்தல் இருபத்தேழு என்று நின்றது.

இன்னொரு தடவை எம்பிப் பார்த்தார்.

“இது இன்னுமா ஓடுது?” என்றார்.

“புது சிஸ்டம்தாங்க. போன வருஷம்தான் மாத்தினாங்க,” என்றாள் கவுன்டர் பெண்.

“திரையை மாத்தியிருப்பாங்கம்மா. உள்ள அதே பழைய குழம்புதான். வருஷத்துக்கு ரெண்டே இலக்கம். நூறைப் போட்டா ஒண்ணைத் தள்ளிட்டு ரெண்டு பூஜ்யத்தை வச்சுக்கும். பூஜ்யத்துல பிறந்த வருஷம் இருபத்தேழைக் கழிச்சிருக்கு.” பெய்ஷானைப் பார்க்காமல் நெற்றியைத் தேய்த்தார். “இதை எழுதினது உங்கப்பாதான், பெய்ஷான்.”

அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. “எதை?”

“இந்தப் புரோகிராமை. எழுபத்திரண்டாம் வருஷம். அப்ப மிஷினுக்குள்ள இடமே கிடையாது, ஒவ்வொரு எழுத்துக்கும் கணக்குப் பார்ப்போம். நான் சொன்னேன், மூணு இலக்கம் வைடா, நூறாம் வருஷம் உதைக்கும்னு. ‘நூறாம் வருஷத்துல நானும் இருக்க மாட்டேன், இந்த மிஷினும் இருக்காது, போய் டீ வாங்கிட்டு வா’ன்னான்.”

“ரெண்டாயிரத்துல எல்லாத்தையும் சரி பண்ணலையா? உலகமே அழியப் போகுதுனு சொன்னாங்களே.”

“அது வெள்ளைக்காரன் வருஷம். நமக்கு அப்ப எண்பத்தெட்டு முடிஞ்சு எண்பத்தொன்பது. ஊரே ராத்திரி முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்க, இவன் சாப்பிட்டுட்டு ஒன்பது மணிக்கே படுத்துட்டான்.”

படுத்தது அவளுக்கும் ஞாபகம் இருந்தது. ‘நம்ம கணக்கே வேற’ என்று பெருமை வேறு பேசினார். பெய்ஷானுக்கு உள்ளே என்னவோ சுள்ளென்று ஏறியது. கோபம்தான். இத்தனை நாள் மரத்துப்போய்க் கிடந்தவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, அப்பா மேல் கோபம். நீங்களே கதவைச் சாத்திவிட்டு நீங்களே வாசலில் நிற்கிறீர்களே என்று அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது.

“ஒரு வழி இருக்கு,” என்றார் லியாவ் மாமா மெதுவாக. “தேதி சரியானு சோதிக்கிற வரியையும் அவன் எழுதலை. அதுக்கும் திட்டினேன். கிளார்க்குக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாதான்னான்.” கவுன்டர் பெண்ணிடம் குனிந்தார். “தொண்ணூத்தொன்பது, பன்னிரண்டு, முப்பத்திரண்டுனு அடிம்மா.”

“முப்பத்திரண்டா? ஐயா, என் வேலை போயிடும்.”

“முப்பத்தொண்ணுக்கு மறுநாள் என்ன நாளு?”

“புத்தாண்டு.”

“இவன் செத்தது என்னிக்கு?”

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மடியில் கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். ஆரஞ்சு, வாணவேடிக்கை, தூக்கம், காலை.

“அன்னிக்குத்தான்,” என்றாள். “அப்படியே போடு.”

விசைகள் தயங்கித் தயங்கித் தட்டப்பட்டன. பிரின்டர் ஒரு தடவை முனகிவிட்டுச் சீட்டைத் துப்பியது. கவுன்டர் பெண் முத்திரையை ஓங்கிக் குத்தினாள், பார்க்காமலே.

“வயசு எழுபத்திரண்டுனு வந்திருக்கு,” என்றாள் பெய்ஷான்.

“இருக்கட்டும்,” என்றாள் அம்மா. “குறைச்சுச் சொன்னா அவருக்கும் பிடிக்கும்.”

உலைவாசலுக்குப் பெண்சாதி வரக் கூடாது என்பது வழக்கம். சடங்குக்காரர் கையைக் குறுக்கே நீட்டி, “நீங்க இங்கேயே இருங்கம்மா,” என்றார். அம்மா அவர் கைக்கு அடியில் குனிந்து வந்துவிட்டாள். அந்த வயசான உடம்பு அப்படிக் குனியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

உலைக்காரன் சீட்டை வாங்கிச் சத்தமாக வாசித்தான். ஆள் மாறிவிடக் கூடாது என்று வீட்டாரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

“காவ் தெங்குவெய். இறந்தது தொண்ணூத்தொன்பதாம் வருஷம், பன்னிரண்டாம் மாசம், முப்பத்தி…”

நிறுத்திக்கொண்டான். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி நின்றவர்களைப் பார்த்தான். லியாவ் மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிதானுங்களா?”

“சரிதான்,” என்றாள் அம்மா.

இரும்புக் கதவு மேலே ஏறியது. பெட்டி தண்டவாளத்தில் நகர்ந்தது. இந்த நேரத்தில் பிள்ளைகள் குரல் கொடுக்க வேண்டும், தீ வருகிறது ஓடிவிடு என்று. கொடுக்காவிட்டால் உயிர் உடம்பை விட்டு நகராமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பெய்ஷான் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. லியாவ் மாமா அவள் முழங்கையை மெல்ல இடித்தார். மறுபடி திறந்தாள். பெட்டி பாதி உள்ளே போயிருந்தது.

“என்னங்க,” என்றாள் அம்மா பின்னாலிருந்து. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று காலையில் கூப்பிடும் அதே குரல். “தீ வருது. கிளம்புங்க.”

சடங்குக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பெய்ஷானுக்கு அப்போதுதான் குரல் வந்தது. “அப்பா, தீ வருது, ஓடிருங்க. அப்பா, ஓடிருங்க. ஓடிருங்கப்பா.”

கதவு இறங்கிவிட்டது. உலைக்காரன் பித்தானை அழுத்தி, கையுறையைக் கழற்றிவிட்டு, அடுத்த சீட்டுக்காகக் கவுன்டர் பக்கம் நடந்தான். பெய்ஷான் மூடின கதவைப் பார்த்து அதையே சொல்லிக்கொண்டு நின்றாள். அம்மா அவளைத் தடுக்கவில்லை.