வீட்டுக்கு வர வேண்டிய சேதி

ரைஹான் வீட்டில் மூன்று வருடமாக ஒரே பஞ்சாயத்து. நடையில் கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் சிவப்புத் தொலைபேசியை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்பதுதான் அது. வீட்டில் ஆள் மூன்று, செல்பேசி நான்கு. கரகந்தா நகரத்தில் அவர்கள் இருக்கும் கட்டடத்தில் பாதி வீட்டுக்காரர்கள் எப்போதோ இணைப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு காலத்தில் நாள் முழுக்க அலறிய அந்தச் சிவப்புப் பெட்டி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, இப்போது இரண்டு தரப்புக்காக மட்டும் உயிரோடு இருந்தது. ஒன்று, எந்தச் சோப்புப் போட்டுத் துணி துவைக்கிறீர்கள் என்று கேட்கும் கணக்கெடுப்புக்காரர்கள். இன்னொன்று, ரைஹானின் அண்ணன் தெமிர்கான்.

தெமிர்கான் கர்கரலி மலைப்பக்கம் ஒரு கிராமத்தில் குதிரை வளர்க்கிறவர். செல்பேசி வாங்கிக் கொடுத்தால், மாட்டுக் கழுத்தில் கட்டுகிற மணி எனக்கு எதற்கு என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஞாயிறு காலை பத்து மணிக்குத் தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தொலைபேசியிலிருந்து தங்கச்சியைக் கூப்பிடுவார். பனி எவ்வளவு பெய்தது, எந்தக் குதிரை குட்டி போட்டது, அவ்வளவுதான் பேச்சு. தாய் தகப்பன் போய்ச் சேர்ந்த ரைஹானுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை, மகள் ஷோல்பான் தேநீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு ஒரே முடிவாகச் சொன்னாள்.

"இன்னிக்கு அப்பாவ ஃபோன் ஆபீஸுக்கு அனுப்பறேன். அப்பா பேர்ல இருக்கு, அவரே போய்க் கையெழுத்துப் போட்டாத்தான் கட் பண்ணுவாங்களாம். ஒரு மணி வரைக்கும் தொறந்திருக்கும்."

"மாமா கூப்பிடுவாரேடி."

"உங்க செல்லுக்குக் கூப்பிடட்டும். அவர் ஃபோன்லேர்ந்து அதுக்கும் போகும்மா."

"செல்லுக்கு அடிச்சா நீ எங்க நிக்கறேன்னே தெரியலம்பாரு. வீட்டுக்கு அடிச்சா, கண்ணாடி முன்னாடி நிக்கறது கண்ணுல தெரியுதாம்."

ரைஹானின் புருஷன் தோக்தார் சிரித்துவிட்டான். அவன் ரொட்டித் தொழிற்சாலையில் வண்டி ஓட்டுகிறவன், சனிக்கிழமை விடுமுறை. "உங்கண்ணன் ஒருத்தர் கற்பனைக்கு நாம மாசா மாசம் தெண்டம் அழுவணும். நல்லாருக்கு ஞாயம்."

"சிரிங்க, சிரிங்க. சாவுச் சேதி வந்தா என்ன பண்ணுவீங்க? கபீஸாவுக்கு ஆனது மறந்து போச்சா?"

கபீஸா எதிர்வீட்டு நர்ஸ். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா இறந்ததை எந்த மடையனோ செல்பேசியில் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். சந்தையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தவள் அதைப் படித்துவிட்டு அங்கேயே விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். எங்கள் மக்களில் இப்படிச் செய்கிறவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். யாருடைய சாவோ, அவர்களுக்குக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். முதலில் வீட்டில் வேறொருவர் காதில் போடுவார்கள். அவர் பெரியவர்களைக் கூட்டி வருவார். அவர்கள் உட்கார்ந்து, சுற்றி வளைத்துப் பேசி, தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பெயரைச் சொல்வார்கள்.

"சாவுச் சேதி வீட்டுக்கு வரணும், ஆளுக்கு வரக் கூடாது," என்றாள் ரைஹான். "ஆளாளுக்குப் பையில ஃபோன வெச்சுட்டு அலைஞ்சா, நடுவுல நின்னு வாங்கிக்கறது யாரு? ஊர்ல அத்தைக்கு எண்பத்தி நாலு வயசு. போன மழைக்காலத்துலேர்ந்து படுத்த படுக்கை. நாளைக்கு ஒன்னுன்னா, இவருக்கு ரோட்டுல வண்டி ஓட்டிட்டிருக்கும்போதா தெரியணும்?"

தன் தாய் பேச்சு வந்ததும் தோக்தார் சிரிப்பை நிறுத்திக்கொண்டு கிண்ணத்தைப் பார்த்தான்.

சரியாக அந்த நேரத்தில் நடையில் தொலைபேசி அடித்தது. ரைஹான் எழுந்தாள். ஷோல்பான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இருங்கம்மா. சோப்புக்காரங்கதான். இன்னிக்கு எடுக்காம விட்டுப் பாக்கலாம். முக்கியமானவங்கன்னா செல்லுக்கு வருவாங்க. வரலேன்னா அது முக்கியமான ஃபோனே இல்ல. எப்படிப் பாத்தாலும் இதுக்கு அவசியம் இல்ல. பந்தயம்."

"அண்ணனா இருந்தா?"

"மாமா ஞாயித்துக்கிழமதான கூப்பிடுவாரு? இன்னிக்குச் சனி."

அது என்னவோ உண்மைதான். மூன்று பேரும் உட்கார்ந்து, அது அடிப்பதைக் கேட்டார்கள். பதினோரு தடவை அடித்து ஓய்ந்தது. கொஞ்சம் விட்டு மறுபடி நான்கு தடவை அடித்தது. மேஜை மேல் கிடந்த நான்கு செல்பேசியில் ஒன்றுகூட அசையவில்லை. ஷோல்பான் இரண்டு கையையும் விரித்து, ஜெயித்துவிட்டேன் என்பது போலக் காட்டினாள். ரைஹானுக்கு மனசே இல்லை. ஆனாலும் தகப்பனும் மகளும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் அவள் பேச்சு எங்கே எடுபடும்? "நாளைக்கு அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நீங்களே யோசிச்சு வைங்க," என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பத்து மணிக்குத் தோக்தார் அடையாள அட்டையோடு கிளம்பினான். ஷோல்பான் அவனோடே இறங்கிக் கடைக்குப் போனாள்.

பதினொன்றே காலுக்குத் தொலைபேசி மறுபடி அடித்தது. ரைஹான் ஓடிப்போய் எடுத்தாள். அந்தப் பக்கம், எல்லோரும் மரியாதையாக அகா என்று கூப்பிடும் கப்பாஸ். ஊரில் பள்ளிக்கூட வாத்தியார், இரண்டு குடும்பத்துக்கும் சொந்தம், இவர்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவரே அவர்தான்.

"நீயாம்மா. தோக்தார் இல்லியா? செல்லுல அடிச்சேன், எடுக்கல."

"வெளில போயிருக்காரு அகா. என்ன விஷயம்?"

"ஒன்னுமில்ல. உனக்கு உடம்பெல்லாம் பரவால்லியா? ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடறியா?"

"சாப்பிடறேன். அகா, எங்கிட்டச் சொல்லுங்க."

"கூட யாரும் இல்லியா வீட்ல?"

"இல்ல. பரவால்ல, நான் தாங்கிக்குவேன். சொல்லுங்க."

"தோக்தார் வந்தாக் கூப்பிடச் சொல்லும்மா," என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

ரைஹான் ரிசீவரை வைத்தாள். அத்தை போய்விட்டாள். இதற்கு மேல் வாய் திறந்து வேறு சொல்ல வேண்டுமா? என்னிடம் ஏன் சொல்லவில்லை, நான் மருமகள்தானே, நான்தானே முதலில் கேட்க வேண்டியவள் என்று ஒரு கேள்வி வந்தது. தனியாக இருக்கிறேன் என்று கிழவர் பயந்துவிட்டார் என்று அவளே அதற்கு ஒரு பதிலும் சொல்லிக்கொண்டாள். அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க நேரம் எங்கே இருந்தது? தோக்தாரின் பையில் செல்பேசி இருக்கிறது. எந்த நேரமும் எவனாவது கூப்பிட்டுப் போட்டு உடைத்துவிடுவான். அவள் கூப்பிட்டுப் பார்த்தாள். பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. மறுபடி, மறுபடி, அதே பதில்தான்.

இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒராஸ்பெக்கைக் கூப்பிட்டாள். அவர் தோக்தாரின் பெரியப்பா மகன், இந்த ஊரில் அவர்கள் பக்கத்துக்குப் பெரியவர். "அகா, அண்ணியையும் கூட்டிட்டு வாங்க. ஒரு விஷயம். இவர் இன்னும் வரல," என்றாள்.

"கெளம்பிட்டுத்தான் இருக்கோம்மா," என்றார் அவர். குரல் உடைந்திருந்தது.

அவருக்கும் தெரிந்திருக்கிறது. ரைஹானுக்கு உயிர் வந்தது. முறைப்படி நடக்கும். அவள் இறைச்சியை எடுத்துக் கொப்பரையில் போட்டாள். இறந்தவர்களுக்காகச் சுடுகிற ஏழு ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். தோக்தாரின் கறுப்புக் கோட்டைத் தேய்த்து மாட்டினாள். மூன்றரை மணி நேர வழி, ராத்திரிக்குள் ஊர் போய்விடலாம். இடையில் அத்தையை நினைத்துக் கொஞ்சம் அழுதாள். முதல் வருஷம் அவள் போட்ட ரொட்டியை நாய்கூட முகராது என்று சொன்ன மாமியார்தான், ஆனால் ஷோல்பான் பிறந்தபோது நாற்பது நாள் அவளைத் தரையில் கால் வைக்க விடாதவளும் அதே மாமியார்தான்.

பன்னிரண்டு மணிக்குத் தோக்தார் வந்தான். கண் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டி வைத்திருந்தான்.

"ஆபீஸ்ல கூட்டம். காத்து வேற, கண்ணெல்லாம் எரியுது," என்றான். "வீட்டு ஃபோனுக்கு யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

"யாரும் கூப்பிடல," என்றாள் ரைஹான், கொஞ்சமும் தடுமாறாமல்.

அவன் பெருமூச்சு விட்டான். பாவம், இன்னும் தெரியாது என்று அவள் நினைத்தாள். பூட்ஸைக் கழற்றக் குனிந்தவன், அவள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தொலைபேசிக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டான். பெற்ற தாய் செத்த நாளில்கூட இந்த மனுஷனுக்கு ஃபோனைப் பிடுங்குகிற புத்தி போகவில்லையே என்று அவளுக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் இரக்கம்.

"என்ன, ரொட்டி சுடறே?" என்றான்.

"சும்மா. சாப்பிடணும்னு தோணிச்சு."

அவன் அந்த மாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சிறிது நேரத்தில் ஒராஸ்பெக்கும் அவர் மனைவியும் வந்தார்கள். பின்னாலேயே கபீஸா, கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியோடு. படியில் அவர்களோடு சேர்ந்துகொண்ட ஷோல்பான் முகம் வெளுத்துப் போய் வாசலிலேயே நின்றாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். ரைஹான் புருஷன் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். விழுந்தால் தாங்க வேண்டும். கபீஸா எதற்கு ரைஹானுக்குப் பின்னால் போய் நிற்கிறாள், அவன் பக்கம் அல்லவா நிற்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

ஒராஸ்பெக் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மலை உசரமா இருந்தா அதோட தலையிலதான் மொதல்ல பனி விழும். பொறந்தவன் போகணும். நபிமார்களே தங்கல. நமக்கு நெழலா இருந்தவங்க ஒரு நாள் எந்திரிச்சுப் போயிடறாங்க. மனசத் தைரியமா வெச்சுக்கணும், ரைஹான்."

"அகா, இவர்கிட்டச் சொல்லுங்க," என்றாள் அவள் மெதுவாக. "ஏன் என்னப் பாக்குறீங்க?"

அவள் பிடித்திருந்த கை திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

"அத்தைதான?" என்றாள்.

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க, ரைஹான்," என்றான் தோக்தார்.

அந்த ஒரு நொடி, எண்பத்து நாலு வயதுக் கிழவி உயிரோடு இருப்பது அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. கப்பாஸ் அகா சொல்லாமல் வைத்தது, பிடுங்கிய கம்பி, பின்னால் நிற்கிற நர்ஸ். யாருடைய சாவோ அவர்களுக்குக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். காலையில் வாய் கிழிய உபதேசம் செய்தவள் அவள்தான். இந்த வீட்டில் கடைசி ஆள் அவளாகவே இருந்திருக்கிறாள்.

"தெமிர்கான் போயிட்டாரும்மா," என்றார் ஒராஸ்பெக். "இன்னிக்குக் காலைல. மாரடைப்பு."

"இல்ல," என்றாள் ரைஹான். "நாளைக்கு அவர் கூப்பிடணும்." அதையே மூன்று தடவை சொன்னாள். கபீஸா பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அழுததைக் கேட்டு மேல்வீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

அவள் சுட்ட ஏழு ரொட்டியையும் கட்டிக்கொண்டு, தோக்தார் ஓட்ட, கர்கரலிக்குப் புறப்பட்டார்கள். வழியில் அவன் தானாகவே சொன்னான். "கையெழுத்துப் போடல. பேனாவ எடுத்தேன், கப்பாஸ் அகா செல்லுல கூப்பிட்டுட்டாரு." ரைஹான் காதில் அது விழவில்லை. ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அண்ணன் வீட்டு வாசலில், அவர் மனைவி ஷாகிரா அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். கதறி ஓய்ந்து, ரைஹானின் தலைத்துணியைச் சரிசெய்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"காலைல எந்திரிக்கும்போதே நெஞ்ச அடைக்குதுன்னாரு. டாக்டரக் கூப்பிடறேன்னேன், இரு, தங்கச்சிகிட்டப் பேசிடறேன்னாரு. சனிக்கிழமையா இருக்கே, இன்னிக்கேவான்னு கேட்டேன். தோணுதுன்னாரு. ஒம்போது மணிக்கு ரெண்டு தடவ அடிச்சாரு. யாரும் எடுக்கல. நீங்க எங்க போயிருந்தீங்க, ரைஹான்?"

ரைஹானுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. அவள் திரும்பினாள். ஷோல்பான் நின்றுகொண்டிருந்தாள், பேயறைந்த மாதிரி. இருபத்திரண்டு வயது. பதினோரு தடவையும் பிறகு நான்கு தடவையும் அவள் முகத்தில் எழுதியிருந்தது. இன்னும் ஒரு நொடி விட்டால் வாயைத் திறந்து சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டு ஆயுளுக்கும் அதைச் சுமப்பாள். தோக்தார் தலையைக் குனிந்துகொண்டான்.

ரைஹானுக்குள் ஒரு ஆத்திரம் எழும்பித்தான் வந்தது. கையைப் பிடித்து உட்கார வைத்தாயே என்று மகளை உலுக்க வேண்டும் போல இருந்தது. எழுந்தவள் ஏன் உட்கார்ந்தோம் என்று தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"சந்தைக்குப் போயிருந்தோம் அண்ணி," என்றாள். "மூணு பேரும். வீட்ல யாரும் இல்ல."

"அதான் அவரும் சொன்னாரு," என்றாள் ஷாகிரா. "கடைக்குப் போயிருப்பா, நாளைக்குப் பேசிக்கலாம்னுட்டுப் போய்ப் படுத்தாரு."

ஷோல்பான் வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். காலையில் உட்கார வைத்த அதே பிடிதான். "அம்மா, அந்த ஃபோன்," என்று ஆரம்பித்தாள்.

"இருக்கட்டும்," என்றாள் ரைஹான். "வீட்டுக்குப் போனதும் ஒயர மாட்டு."