விரல் வைக்கும் மெஷின்

சென்னையில் குளிரே கிடையாது என்று சொல்பவர்கள் டிசம்பரில் என் கையைப் பார்க்க வேண்டும். செம்பாக்கம் ஏரி தளும்பி நிற்கிறது, என் விரல்கள் மட்டும் பாளம் பாளமாக வெடித்திருக்கின்றன. பள்ளியில் கெமிஸ்ட்ரி லேப் என் பொறுப்பு. ஒரு நாளைக்கு இருபது தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். மீதித் தோலைச் சாக்பீஸ் தின்கிறது.

வலிகூடப் பரவாயில்லை. வாசலில் இருக்கும் வருகைப் பதிவு மெஷினுக்கு என் ரேகை தெரியவில்லை. எட்டரைக்குள் அது விரலைப் படிக்காவிட்டால் லேட். மூன்று லேட்டுக்கு ஒரு லீவு போய்விடும். எனக்கு ஏற்கெனவே இரண்டு லேட். மிச்சமிருப்பது ஒரே லீவு, இருபத்து மூன்றாம் தேதிக்கு. அன்று தாம்பரத்தில் ரயிலேறினால்தான் கிறிஸ்துமஸுக்கு நாகர்கோவில் போய்ச் சேர முடியும்.

அதனால் புதன்கிழமை காலை வெந்நீரில் குளிக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தேன். ஈரம் காய்வதற்குள், உறைந்து கிடந்த தேங்காய் எண்ணெயை உருக்கிக் கையில் தடவினேன். அது போதாதென்று வாசலைனை வேறு அப்பிக்கொண்டேன்.

எட்டு இருபத்தாறு. விரல் வழுக்கியது. "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது மெஷின். பதறிப்போய் சானிடைசரால் துடைத்தேன். அவ்வளவுதான், விரல் மறுபடியும் சுண்ணாம்பாக வெளுத்தது. திரும்பவும் வரிசையின் கடைசிக்குப் போனேன்.

"இன்னா சுஜி மிஸ், ஆசிட்ல கைய வெச்சு ரேகைய அழிச்சிட்டீங்களா?" முன்னால் நின்ற பி.டி. மாஸ்டர் வைத்தீஸ்வரன் ஒரே தொடலில் உள்ளே போனார்.

அடுத்தது பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் கிளியம்மாள் அக்கா. பினாயிலில் ஊறி ஊறி அவர் விரல் என் விரலைவிட மோசம். இரண்டு தடவை வைத்தார், படிக்கவில்லை. மணி எட்டு இருபத்தொன்பது.

"எனக்கு இன்னும் நாலு தபா கேக்கும். நீ மொதல்ல வையி மிஸ்ஸு."

"ஐயோ அக்கா, உங்களுக்கு லேட் ஆயிடுமே!"

"ஊருக்குப் போவணும்னு சொன்னியே. மூக்கு மேல தேச்சிட்டு வையி, எண்ண ஒட்டும்."

தேய்த்தேன். ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவிய மூக்கில் ஏது எண்ணெய்?

"மூஞ்சி கூட காஞ்சி கீது. இந்தா," என்று வகிடெடுத்து எண்ணெய் வழியச் சீவிய தலையை என் முன் குனிந்தார். வெட்கத்தோடு அந்த வகிட்டில் விரலைத் தேய்த்து மெஷினில் வைத்தேன்.

"தேங்க் யூ" என்றது.

அவருடைய விரலை மெஷின் படித்தபோது மணி எட்டு முப்பத்திரண்டு. ஆயாக்களுக்கு லீவு கிடையாது. மூன்று லேட்டுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். அவருக்கு அது மூன்றாவது என்று இன்டர்வெலில்தான் தெரிந்தது. நேரே ஆபீஸுக்கு ஓடினேன்.

"என்னாலதான் சார் அவங்களுக்கு லேட். அத எடுத்துடுங்க."

கிளார்க் தனசிங் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எடுக்க முடியாது மிஸ். வேணும்னா கரெஸ்பாண்டன்ட் கிட்ட சொல்லி உங்க பேர்ல மாத்தலாம். மாத்தவா?"

டிக்கெட் கன்ஃபர்ம் ஆனதாக முந்தின நாள்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

"வேணாம் சார்."

வராண்டாவில் அக்கா பினாயில் தண்ணீரில் துணியை முக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்.

"டிரெய்னு எத்தினி மணிக்கு மிஸ்ஸு?"

"காலைலக்கா" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டே.