ஹார்ம்சீலில் கடல் காத்திருந்த வருடங்கள்

லீஸெ என்ற பழுப்புப் பெட்டைக்குதிரை பயந்து நடுங்கும்போது ஹார்ம்சீலில் கடல் ஏறாது. நடுக்கம் நிற்கும்வரை தண்ணீர் இருந்த இடத்திலேயே நிற்கும். நின்றதும் விட்ட இடத்திலிருந்து ஏறத் தொடங்கும். கடலின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் நகரத்து அலுவலகத்தினர் நீர்மட்ட அளவுகோல் பழுதென்று நினைத்துப் புதிது மாற்றினார்கள். அதுவும் அதையே காட்டியது. பிறகு அவர்கள் எங்கள் ஊர்ப் பக்கத்தை மட்டும் காலியாக விட்டு அட்டவணை அச்சிட்டார்கள்.

எங்கள் ஊருக்கும் எதிரே உள்ள தீவுக்கும் நடுவில், கடல் வற்றும்போது சேறும் மணலுமான வெளி திறக்கும். உயரச் சக்கர வண்டிகளில் குதிரை பூட்டி, நட்டு வைத்த பிர்ச் மரக் கிளைகளை அடையாளம் பிடித்துப் போய், தீவில் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் திரும்புவதற்குள் கரையேறிவிட வேண்டும். நடுவழியில் இருக்கும் ஓடைதான் ஆபத்து. திரும்பி வரும் கடலின் பெருக்கு முதலில் அதில்தான் நுழையும். இந்தத் தொழிலை வீப்கெயும் அவள் தம்பி ஃபோக்கோவும் தங்கள் அப்பாவுக்குப் பிறகு நடத்தினார்கள். லாயம் ஒன்று, வழி இரண்டு. ஃபோக்கோவின் குதிரைகள் கண்பட்டையோடும் இறுக்கிய கடிவாளத்தோடும் நிற்கும். யார் எஜமான் என்று காலையிலேயே தெரிந்துவிட வேண்டும் என்பான். அவனைக் கொடுமைக்காரன் என்று சொல்ல முடியாது. அவன் குதிரைகளின் ரோமத்தில் முகம் பார்க்கலாம், குளம்பில் ஒரு கல் தங்கியதில்லை, அவன் வண்டி ஒருநாளும் கடலில் மாட்டியதில்லை. வீப்கெ கடிவாளத்தின் இரும்பைக் குதிரையின் வாயில் வைக்கமாட்டாள். குதிரைக்கு மனமில்லை என்றால் பக்கத்தில் நின்று காத்திருப்பாள். பயணிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வீட்டுக்குப் போவார்கள். ஒருமுறை அவள் அவிழ்த்துவிட்ட ஆண்குதிரை ஈரப்புல்லைத் தின்று வயிறு உப்பிச் செத்தது. அதற்கு அவள் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. ஆனால் வழியை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

லீஸெயின் குணம் தெரிந்தது அவளை முதன்முதலாக வண்டியில் பூட்டிய கோடையில். ஓடைக்கரையில் அவள் கால் வைக்க மறுத்தாள். பெருக்கு நெருங்கிவிட்டது. ஃபோக்கோ சவுக்கை எடுத்தான். குதிரை காதுமுதல் வால்வரை நடுங்க, ஓடையில் நுரைத்து வந்துகொண்டிருந்த தண்ணீர், பொங்கும் பாலை யாரோ ஊதியதுபோல் அப்படியே அடங்கியது. வண்டியில் இருந்தவர்கள் அதிர்ஷ்டம் என்றார்கள். அடுத்த மாதமும் அப்படியே நடந்தபோது ஃபோக்கோ குதிரையையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தான். கோடை முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. தீவில் விடுதி வைத்திருந்த ஹின்ரிக், சாப்பாட்டு நேரத்தை நீட்டினார், மீன் சூப்புக்குப் பிறகு கேக்கும் காபியும் சேர்த்தார். வாடகைக்கு அறைவிட்ட ஒவ்வொரு வீட்டிலும் புது ஜன்னல் வந்தது. லீஸெ பயந்ததில் ஊர் செழித்தது. அதை யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வீப்கெ சொன்னாள். காலையில் தம்பிக்கு முன்பே லாயத்துக்குப் போய்க் குதிரையின் கழுத்தில் சாய்ந்து நின்றாள். அப்படி அவள் நின்ற நாட்களில் லீஸெ பசுவைப்போல் சாதுவாக வெளிக்குள் இறங்கினாள், கடலும் தன் நேரத்துக்கு வந்தது. காபி முடித்துத் தாமதமாகக் கிளம்பியவர்களின் முழங்கால் நனைந்தது, ஒரு கிழவர் மயங்கி விழுந்தார். ஹின்ரிக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு லாயத்துக்கே வந்தார். "வீப்கெ, நல்ல குதிரையக் கெடுக்காதம்மா. ஊரு பொழைக்கட்டும்" என்றார். அவள் பக்கத்தில் நின்ற தம்பியைப் பார்த்தாள்.

"நான் இப்ப அடிக்கிறதே இல்லக்கா. அது மிரள வெறும் சாக்க மட்டும்தான் உதறுறேன்" என்றான் ஃபோக்கோ.

"அடிச்சாக்கூடத் தேவலடா. அடி முடிஞ்சிடும். சாக்கு எப்ப வரும்னு அது நாள் முழுக்கக் காத்துக்கிட்டிருக்கு."

வருடங்கள் போயின. லீஸெக்குப் பிடரிமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. தீனித்தொட்டியில் பாதி மிஞ்சியது. நிற்கிற இடத்தில் பல்லைக் கடிக்கும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. ஃபோக்கோவும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடிதான் சாப்பிட்டான். அக்காவும் தம்பியும் ஒரே மேசையில் உட்கார்ந்து உப்பைக்கூடக் கேட்டு வாங்காமல் எழுந்து எடுத்துக்கொண்டார்கள். வீப்கெயால் தம்பியிடம் வாங்க முடிந்த ஒரே சலுகை, இலையுதிர் காலத்தில் லீஸெயையும் அவளோடு ஜோடியாகப் பூட்டும் மோரிட்ஸையும் தவிர மற்ற குதிரைகளை, ஊரைக் கடலிலிருந்து காக்கும் அணைக்கரைக்கு வெளியே புல்வெளியில் அவிழ்த்துவிடுவது.

ஒரு அக்டோபர் பிற்பகலில் ஃபோக்கோ தீவிலிருந்து ஹின்ரிக்கையும் கடைசி விருந்தாளிகளையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மூடுபனி இறங்கியது. ஓடையில் பாதை தவறி வண்டியின் ஒரு பக்கம் சேற்றில் இறங்கியது. அவன் குதித்துச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தான். லீஸெ மிரண்டு பின்னால் எகிற, சக்கரம் உருண்டு அவன் காலின்மேல் ஏறி நின்றது. மோரிட்ஸ் நொண்டியது. ஃபோக்கோ அதை அவிழ்த்துக் கூட்டிப் போகச் சொல்லி, விருந்தாளிகளோடு ஹின்ரிக்கைப் பிர்ச் கிளைகளைப் பிடித்துக்கொண்டு கரைக்குப் போகச் சொன்னான். ஹின்ரிக் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, வீப்கெ வண்டியை இழுக்க வேறு குதிரை பிடிக்கப் புல்வெளிக்கு ஓடினாள். அவள் வளர்த்த குதிரைகள். விருப்பமில்லாமல் வரத் தேவையில்லை என்று கற்றவை. பனிக்குள் அவள் குரல் கேட்டும் அவை விலகி விலகிப் போயின. சில ஆட்கள் படகை எடுக்கத் துறைக்கு ஓடினார்கள். அவள் தன் குதிரைகளைத் திட்டிக்கொண்டே நடந்தே போனாள்.

லீஸெ நடுங்கியபடி நின்றாள். ஓடையின் வாயில் கடல் முழங்கால் உயரத்துக்கு விளிம்பு கட்டிக்கொண்டு நின்றது. ஃபோக்கோ சேற்றில் உட்கார்ந்து சக்கரத்தில் சாய்ந்திருந்தான், முகம் மெழுகுபோல் இருந்தது. ஆனால் அதில் பயம் இல்லை. அவன் பிறந்ததிலிருந்து பயந்து யாரும் பார்த்ததில்லை.

"சாக்க எடு. ஆளுங்க வர்ற வரைக்கும் அத இப்படியே நிறுத்தி வை" என்றான்.

"படகுல வர்றாங்கடா. தண்ணி வந்தாத்தான் படகு வரும்."

"தண்ணி வந்தா நான் போயிடுவேன்."

நடுங்குகிற குதிரை இழுத்தால் வெடுக்கென்றுதான் இழுக்கும். சாய்ந்து நிற்கும் வண்டி அவன்மேல் கவிழும். மெல்ல, ஓரடி முன்னே நகர்த்தத் தெரிந்த குதிரை வேண்டும். அதற்குப் பயம் போக வேண்டும். பயம் போனால் கடல் வரும். வீப்கெ கொஞ்ச நேரம் இரண்டையும் யோசித்தாள். பிறகு கண்பட்டையை அவிழ்த்தாள், வாயிலிருந்து இரும்பை எடுத்தாள், லீஸெயின் நெற்றியில் தன் நெற்றியை வைத்து, தாழ்ந்த குரலில் ஏதேதோ பேசினாள். குதிரையின் தோல் ஒவ்வொரு இடமாக அடங்கியது. முதுகுக்குப் பின்னால் ஓடையில் தண்ணீர் நுழையும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. லீஸெ இழுத்தாள், சேறு விடவில்லை. மறுபடி இழுத்தாள். தண்ணீர் ஃபோக்கோவின் மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, தாடையைத் தொட்டது. தொட்ட இடத்தில் நின்றது.

வீப்கெ குதிரையைப் பார்த்தாள். அது கீழுதடு தொங்க, காதுகளைப் பக்கவாட்டில் தளர விட்டுச் சாந்தமாக இருந்தது. பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா" என்றான். "ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுக்கா."

பயந்த எந்த உயிரையும் அவள் அப்படியே விட்டவள் இல்லை. இடி இடித்தால் பக்கத்து வீட்டு நாயைத் தேடிப் போகிறவள். அவன் மறுபடியும் சொன்னான். அவன் கை தண்ணீருக்கு மேலே எழுந்து அவளைத் தேடியது. வீப்கெ முகத்தைக் குதிரையின் கழுத்தில் புதைத்துக்கொண்டு, அவனுக்குக் கேட்காதபடி, குதிரையோடு மட்டும் பேசினாள். அவன் அழ ஆரம்பித்தான், சின்ன வயதில்கூட அழாத மாதிரி. தண்ணீர் அசையவில்லை. லீஸெ ஒரு காலை எடுத்து வைத்து, பாரத்தைத் தோளில் வாங்கி, இன்னொரு காலை வைத்தாள். சக்கரம் அவன் காலைவிட்டு உருண்டு இறங்கியது.

அவனைக் குதிரையின் குறுக்கே போட்டு நடத்திக் கொண்டுவந்தாள். வழி முழுவதும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, கடலும் அவர்களுக்குப் பின்னால் தள்ளியே வந்தது. அணைக்கரையில் ஏறியதும் அவனை இறக்கி இறுகக் கட்டிக்கொண்டாள். "ஒண்ணுமில்லடா. ஒண்ணுமில்ல" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் ஏறிவந்து இருவர் கால்களையும் தொட்டது.

ஃபோக்கோவின் கால் கட்டையாகத்தான் சேர்ந்தது. லீஸெ அதற்குப் பிறகு எதற்கும் பயப்படவில்லை, பிடரி வளர்ந்து கண்ணை மறைத்தது. அக்காவும் தம்பியும் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. அவன் இன்றும் தன் குதிரைகளைக் குட்டையாகக் கட்டுகிறான், அவள் குதிரைகள் உருப்படாது என்கிறான். அவள் இன்றும் குதிரைக்கு மனம் வரும்வரை பக்கத்தில் நின்று காத்திருக்கிறாள். வசந்தத்தில் அவன் முதன்முறையாக மறுபடி ஓடைக்கு வண்டி ஓட்டிப் போனபோது கடிவாளம் பிடித்த கை நடுங்கியது, பெருக்கு நின்றது. பின்வண்டிக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஹின்ரிக் மறுநாள் முதல் கேக்கும் காபியும் மறுபடி வைத்தார். போகாமல் இருந்துவிடலாமே என்று கேட்டவர்களிடம், இது தெரிந்த தொழில், வேறென்ன செய்வது என்று ஃபோக்கோ சொல்லிவிட்டான்.

இப்போது வீப்கெ அவன் வண்டியில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறாள். வண்டிகள் ஒவ்வொன்றாக ஓடையைத் தாண்டும்வரை அவன் முதுகு உதறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசி வண்டி ஏறியதும் தன் உள்ளங்கையை அந்த முதுகில் வைப்பாள், தண்ணீர் வரும். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அதிகம், வண்டிகளும் அதிகம். கையை வைக்க அப்போது கொஞ்சம் நேரமாகும்.