கறுப்பு டேப்

அக்காவின் புருஷன் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். தங்கையின் புருஷன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். இரண்டு சகலைகளுக்கும் சேர்த்து ஒரே கார். மாமனாருக்குப் பார்வை மங்கியபோது, "ஆளுக்கு ஒரு வாரம் ஓட்டுங்க, சண்டை போடாதீங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

முதல் சண்டை ஒரு டயரால் வந்தது. பஞ்சர் ஆனது பெயின்டர் வாரத்தில். ஆணி குத்தியது போட்டோக்காரர் வாரத்தில் என்று பெயின்டர் சொன்னார். ஆணியைக் கேட்க முடியாது. கடைசியில் அக்காதான் தீர்ப்புச் சொன்னாள்.

"யார் கையில வண்டி நிக்குதோ, அவங்க சரி பண்ணுங்க. அதுக்கு மேல ரெண்டு பேரும் வாயத் திறக்கக் கூடாது."

அதற்கு மேல் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

சத்தத்தை முதலில் கேட்டது யார் என்று தெரியாது. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல டிக் டிக் என்று வரும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பிறகு அடங்காமல் இருந்தது. பிறகு மேடு ஏறும்போது டொக் டொக் என்று ஆனது. சனிக்கிழமை காலை வண்டி கைமாறும்போது மட்டும் பேச்சு மாறவே இல்லை.

"எப்படி ஓடுது சகலை?"

"வெண்ணெய் மாதிரி போகுது அண்ணே."

ஒரு சனிக்கிழமை பெயின்டர் சாவியைத் திருப்பியதும் ரேடியோ அலறியது. குறைத்தார். டொக் டொக் கேட்டது. மறுபடி கூட்டிவிட்டார். வாரம் முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார். அடுத்த தடவை வண்டி அதைவிடப் பெரிய அலறலோடு திரும்பி வந்தது. கார் தெருமுனையில் திரும்பும்போதே எல்லோருக்கும் தெரிந்துவிடும். "என்ன, எலெக்ஷன்ல நிக்கிறீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். பெயின்டர் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஆயில் விளக்கு சிவப்பாக மினுங்க ஆரம்பித்தது போட்டோக்காரர் வாரத்தில். வெளிச்சம் புகாமல் இருக்க ஸ்டுடியோவில் ஒட்டும் கறுப்பு டேப் எப்போதும் அவர் பையில் இருக்கும். விரல் நகம் அளவுக்குக் கிழித்து விளக்கின் மேல் ஒட்டினார். சுத்தமாகத்தான் ஒட்டினார். அது அவர் தொழில்.

அடுத்த வாரம் பெயின்டர் அதைப் பார்த்தார். ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு, இடுக்கில் சிவப்பு தெரிந்தது. இறங்கிப்போய் பானெட்டைத் திறந்து ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்த்தார். நுனியில் மட்டும் ஈரம். ஒரு டப்பா ஆயில் வாங்கி ஊற்றலாம். ஊற்றினால் சத்தம் கேட்டது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நாளைக்கு வண்டி நின்றால், "உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கே சகலை" என்பார் போட்டோக்காரர். கம்பியைத் துடைத்து உள்ளே விட்டார். உள்ளே வந்து உட்கார்ந்து, தூக்கிய ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்கினார். அன்றைக்கு அவர் ஒரு வீட்டின் ஜன்னல்களுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் தங்கைக்கு இன்டர்வியூ வந்தது. பக்கத்து ஊர் நூலகத்தில் உதவியாளர் வேலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து அவள் எழுதிப்போடாத இடம் இல்லை. கூப்பிட்டது இதுதான் முதல் இடம். நாள் ஒரு சனிக்கிழமை. காலையிலேயே போய்விட வேண்டும். பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"பஸ்ல போயிடறேனே" என்றாள்.

"வீட்ல கார வச்சுக்கிட்டு பஸ்ல போவாளாம்" என்றாள் அக்கா. "நாங்களும் வர்றோம். நாலு பேரும் போவோம்."

இரண்டு ஆண்களும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை பெயின்டர் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. போட்டோக்காரர் இறங்கிச் சாவியை நீட்டினார்.

"புடிங்க சகலை. உங்க வாரம்."

"எதுக்கு அண்ணே அவசரம்? போய்ச் சேர்ந்ததும் வாங்கிக்கிறேன்."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"வயசுல பெரியவர் நீங்க. நீங்க ஓட்டினாத்தான் மரியாத."

"என்னைக்கு இல்லாத மரியாத இன்னைக்கு?" என்றாள் அக்கா.

தங்கை ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "மாமா, நீங்களே ஓட்டுங்க. நேரமாகுது." சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறிவிட்டாள். பெயின்டரும் அக்காவும் பின்னால் உட்கார்ந்தார்கள்.

ஊரைத் தாண்டியதும் தங்கை ரேடியோவைப் பார்த்தாள். "மாமா, கொஞ்சம் குறைங்க. என்ன கேப்பாங்களோன்னு மனசுக்குள்ள ஓட்டிப் பாக்கணும்."

போட்டோக்காரர் திருகினார். பெரிதாக ஒன்றும் குறையவில்லை. அவள் கையை நீட்டி ஒரேயடியாக அணைத்தாள்.

காருக்குள் டொக் டொக் மட்டும் இருந்தது.

"என்ன சத்தம் அது?"

"டிக்கியில ஜாக்கி ஆடுது" என்றார் போட்டோக்காரர்.

"ரோடு சரியில்ல" என்றார் பெயின்டர்.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன. அக்கா இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ரோடு புது ரோடு.

மேட்டில் பாதி ஏறியபோது டமார் என்று ஒரு சத்தம். வண்டி குலுங்கி நின்றது. பானெட் இடுக்கிலிருந்து புகை வந்தது. போட்டோக்காரர் சாவியைத் திருப்பினார்; 'டக்' என்றது. இன்னொரு தடவை திருப்பினார், அதே 'டக்'. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சகலை, காலையிலயே நான் சாவிய நீட்டிட்டேன். அப்பவே உங்க வாரம் ஆரம்பிச்சாச்சு."

"நான் வாங்கலயே அண்ணே."

"நீட்டினா குடுத்த மாதிரிதான்."

"வாங்கினாத்தான் குடுத்த மாதிரி."

தங்கை அவர்களைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒட்டியிருந்த கறுப்புச் சதுரத்தைப் பார்த்தாள். நகத்தால் உரித்தாள். அடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டேப்பை வெளிச்சத்தில் பிடித்தாள். கறுப்பின் மேல் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் ரேகை, கோடு கோடாகத் தெளிவாக இருந்தது.

திரும்பிப் புருஷனின் கையைப் பார்த்தாள். அவர் விரல்களை மடக்கிக்கொண்டார்.

அவள் டேப்பை ஃபைல் அட்டைமேல் ஒட்டினாள். இறங்கினாள். அக்காவும் இறங்கினாள். காய்கறி ஏற்றிக்கொண்டு வந்த வேன் ஒன்று கை காட்டியதும் நின்றது. அக்காவும் தங்கையும் டிரைவர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து போய்விட்டார்கள்.

மெக்கானிக் மத்தியானம் வந்தார். கம்பியை உருவிப் பார்த்தார். "ஆயில் சொட்டு இல்ல. பேரிங் தேஞ்சு இன்ஜினே இறுகிடுச்சு. எவ்வளவு நாளா சத்தம் வருது?"

"இன்னைக்குத்தான்" என்றார்கள் இருவரும்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு மட்டும் வந்த சத்தமா இது?" என்று சொல்லிவிட்டு, இழுத்துப் போக வண்டி கூப்பிட்டார்.

தங்கை போய்ச் சேர்ந்தபோது அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். "அடுத்த தடவை பாக்கலாம்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஃபைலை அலமாரியில் வைத்தாள். டேப்பை எடுத்து, கார் சாவி மாட்டும் ஆணிக்கு மேல் சுவரில் ஒட்டினாள். புருஷனிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அமுக்கும்போது என்ன நெனச்சீங்க?"



பழைய இன்ஜின் ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டினார்கள். அது யார் வாரம் என்று யாரும் கேட்கவில்லை. மழைக்கு முன் பெயின்டர் தன் வீட்டுக்கும் பெயின்ட் அடித்தார். சாவி மாட்டும் சுவருக்கு வந்ததும் பிரஷை ஓரமாகப் பிடித்து, டேப்பைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார்.

நூலகத்திலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். அன்று காலை போட்டோக்காரர் விடிந்ததும் வந்துவிட்டார். இருவரும் காரைக் கழுவி, கம்பியை உருவி, துடைத்து, மறுபடி உருவிப் பார்த்தார்கள்.

தங்கை ஃபைலோடு வெளியே வந்தாள்.

"வண்டி இப்ப நல்லா இருக்கும்மா" என்றார் போட்டோக்காரர்.

"தெரியும் மாமா" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

பஸ் கிளம்பியதும் கார் அதன் பின்னாலேயே போனது. ரேடியோ போடவில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டிருந்தார்கள். மேடு வந்தபோது இருவரும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"பஸ் நின்னா ஏத்திக்கலாம்" என்றார் பெயின்டர்.

பஸ் நிற்கவில்லை.