இடப்பக்கம் திரும்பாத சைக்கிள்

மார்ச் 9, திங்கள். இன்று ஒரு தப்பு செய்துவிட்டேன். ஹேண்டில்பார் நேராக இருந்தபோது அளந்து பிரேக் வயரை வெட்டினேன். நீளம் போதவில்லை. இடப்பக்கம் திருப்பினால் வயர் இழுபட்டு, முன்சக்கரத்தை பிரேக் தானாகவே பிடித்துக்கொள்கிறது. திருப்பிப் பார்க்க வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை? காலையில் அண்ணாவிடம் கேட்க வேண்டும்.

இதை எழுதிவிட்டுத்தான் அவள் படுத்தாள். அம்மா போட்ட சத்தத்தில் எழுந்தபோது கேட்பதற்கு அண்ணன் இல்லை.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் அவள் நடையில் சைக்கிள் பக்கத்தில் நின்றாள். அண்ணன் பந்தயத் திடலில் ஓட்டியது. ஒரே கியர். பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், நிறுத்துவதும் கால்தான்.

படுக்கையில் விழுந்த பிறகு, "சும்மா நின்னு துருப்பிடிக்கிறதுக்கு நீயாவது ஓட்டு" என்று அவளிடம் கொடுத்தான். அவளுடைய மாலை வகுப்பு முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும். தடித்த டயர், மட்கார்டு, பெல் என்று ஒவ்வொன்றாக மாட்டினாள்.

"பந்தய சைக்கிளுக்குப் பெல்லா? குதிரைக்குக் குடை பிடிச்ச மாதிரி இருக்கு" என்று கட்டிலிலிருந்தே சிரித்தான். "பிரேக்கையாவது ஒழுங்கா மாட்டு. உன் காலு குச்சி, அதை நம்ப முடியாது."

நேற்று ராத்திரி, "முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

தப்பைச் சொன்னால் எழுந்து உட்கார்ந்து விளக்க ஆரம்பிப்பான், மூச்சு வாங்கும்.

"முடிஞ்சுதுண்ணா."

"அப்போ காலைல தெருவுல ஒரு ரவுண்டு அடி. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடு. பாக்குறேன்."

திருப்பிப் போட்டிருந்தாள்.

மயானத்துக்குப் போகும் வேன் வந்து நின்றது.

"நடையில என்னம்மா சைக்கிள்? தூக்கிட்டு வர்றவங்களுக்கு வழி வேணாமா?" என்றபடி சித்தப்பா அதைப் பிடித்துத் தள்ளினார். வாசலுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். திருப்பினார். சைக்கிள் நின்றுவிட்டது. பின்னால் நான்கு பேர் அண்ணனைத் தூக்கியபடி நின்றார்கள்.

"அட, வர மாட்டேங்குதே!" இன்னொரு முறை முட்டித் தள்ளினார். பெடல் முழங்காலில் இடித்தது. "அவனை மாதிரியே பிடிவாதம்." யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள்.

அம்மா அவளைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதுன்னு சொன்னியேடி? ராத்திரி என்னை எழுப்பிச் சொன்னானே. 'தனியாவே முடிச்சுட்டாம்மா'ன்னு."

அவள் சித்தப்பாவின் கையிலிருந்து சைக்கிளை வாங்கி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினாள். பின்சக்கரத்தில் மட்டும் உருட்டியபடி வாசலைத் தாண்டினாள். யார் காலும் இல்லாமல் பெடல்கள் மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தன.

மார்ச் 10, செவ்வாய். நாளை பழைய வயரைக் கழற்ற வேண்டும். புதிது வாங்கி, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகே வெட்ட வேண்டும். பிறகு தெருவில் ஒரு ரவுண்டு.