துணி யானை பேசாது

கொடியில் ஒரு யானை தொங்குகிறது. இரண்டு காதிலும் கிளிப்பு. தும்பிக்கை நுனியில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று நிற்கிறது.

தென்காசியில் சாரல் மாதம். வெயில் வரும். வெயிலின் கையைப் பிடித்துக்கொண்டு மழையும் வரும். எங்கள் மழலைப் பள்ளியில் பஞ்சு பொம்மை எதுவும் ஒரே நாளில் காய்ந்ததில்லை.

நான் இங்கே ஆயாம்மா. மூக்கு துடைக்கிறவள். பாத்ரூமுக்குக் கூட்டிப்போகிறவள். மதியத்துக்கு மேல் படக்கதை படிக்கிறவள். முதல் இரண்டு வேலையிலும் யாரும் குறை சொன்னதில்லை.

எனக்குக் கதை கண்ணில் விழாது. காதில்தான் விழும். 'துணி யானை கட்டிலுக்கு அடியில் கிடந்தது' என்று அச்சில் இருக்கும். எனக்குக் கேட்பது வேறு. "ஏட்டி, எத்தனை நாளா என்னைத் தேடாம இருக்கே?"

கேட்பதைத்தான் படிப்பேன். படித்துவிட்டுக் காத்திருப்பேன். இருபது பிள்ளைகளும் பதில் சொல்லும். "தேடுனோம் யானை. நீதான் தூங்கிட்டே."

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் நான் படித்ததே இல்லை. இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிடுவேன். 'துணி யானை பேசாது. அது வெறும் பொம்மை.' இதை எழுதியவருக்குக் காது சரியில்லை.

போன வாரம் ஷஹானாவின் வாப்பா வந்தார். "பழைய கரடியைத் தூக்கிப் போட விடமாட்டேங்கா மேடம். கரடி ஏசுதாம்."

ரெஜினா மேடம் பள்ளியை நடத்துகிறவர். என் மகள் வயதுதான் இருக்கும். "ஆயாம்மா, புத்தகத்துல உள்ளதை மட்டும் படிங்க. ஒரு எழுத்து கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். இல்லேன்னா கதை நேரத்துக்கு டிவியைப் போட்டுருவேன்."

சுவரில் டிவி. பக்கத்து ஆணியில், பிளாஸ்டிக் உறைக்குள் ரிமோட்.

டிவியும் கதை சொல்லும். பதிலுக்குக் காத்திருக்காது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை காத்திருப்பது. அதைக் கொண்டுபோய் அந்த ஆணியில் மாட்ட விடமாட்டேன்.

மறுநாள் மேடம் கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் ரிமோட். ஜன்னல் வலையில் சாரல்.

படித்தேன். உள்ளது உள்ளபடி. கிடந்தது. தேடினாள். கிடைத்தது. என் குரல் எனக்கே காய்ந்த சோறு மாதிரி இருந்தது.

இசக்கிதுரை கை தூக்கினான். "ஆயாம்மா, யானைக்குக் காய்ச்சலா?"

"பேசாம கேளுல," என்றேன். அவன் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை.

கடைசிப் பக்கம் வந்தது. மேடம் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தாளைச் சேர்த்துப் பிடித்த விரல். பிரித்தேன். ஒற்றைத் தாளாகப் புரட்டினேன்.

வயிற்றுக்குள்ளிருந்து குரலை எடுத்தேன். கனத்த குரல். கோபித்துக்கொண்டு மூஞ்சியைத் திருப்பிய குரல். யானையின் குரல்.

"துணி யானை பேசாது. அது வெறும் பொம்மை."

காத்திருந்தேன்.

ஒரு சொட்டு விழுகிற நேரம். பிறகு ஷஹானா சொன்னாள். "யானை பேசிட்டு."

"பேசாதுன்னு அதுவே பேசுது," என்றான் இசக்கிதுரை. சிரிப்பு பாயிலிருந்து பாய்க்குத் தாவியது. ஒருவன் உருண்டே போய்விட்டான்.

"ஆயாம்மா," என்றார் மேடம்.

"ஒரு எழுத்து கூட்டலை மேடம். குறைக்கவும் இல்லை. நீங்களே பாத்துக்கிடுங்க."

புத்தகத்தை வாங்கி விரல் வைத்துப் பார்த்தார். எழுத்து எல்லாம் என் பக்கம் இருந்தது.

"இன்னொரு தடவை படிங்க. சாதாரணமா."

சாதாரணமாகத்தான் ஆரம்பித்தேன். "துணி யானை..."

முடிக்க விடவில்லை. இருபது யானைகள், இருபது வயிற்றிலிருந்து. "பேசாது. அது வெறும் பொம்மை." ஜன்னல் வலை அதிர்ந்தது.

மேடம் எழுந்தார். ரிமோட்டை ஆணியில் மாட்டினார். வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நாளைக்கு முயல் புத்தகம். அதையாவது ஒழுங்காப் படிங்க."

"முயல் ஒழுங்காப் பேசுனா படிக்கேன் மேடம்."

பிள்ளைகள் போன பிறகு பின்பக்கம் வந்தேன். வெயிலும் சாரலும் ஒன்றாக. கொடியில் யானை. இரண்டு காதிலும் கிளிப்பு. தும்பிக்கை நுனியில் ஒரு சொட்டு, வெயிலை உள்ளே வைத்துக்கொண்டு.

"வெறும் பொம்மையாம்லா," என்றேன்.

சொட்டு விழுந்தது.

"யாரு, நானா?" என்றது யானை.